மொசாம்பிக்குக்கும் நமீபியாவுக்கும் நடுவே

மதர்போர்டு கருகியது வியாழக்கிழமை.
பெகுவில் கரண்ட் வருவது திருடன் வருவது மாதிரி,
வந்த வேகத்தில் எதையாவது கொண்டுபோகும்.
மூன்று லட்சம் கியாட். புதுசு மாற்றினோம்.
பெட்டி அதே பெட்டி, திரை அதே திரை,
நெற்றியில் பூசிய திருநீறுகூட அதேதான்.
மென்பொருளுக்கு மட்டும் ஆள் தெரியவில்லை:
"இந்த உரிமம் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது."

எங்கே இருக்கிறதாம் அந்த வேறொன்று?
எரிந்த பலகை மேசைக்கடியில்
பிளாஸ்டிக் பையில் கிடக்கிறது.
காட்டட்டுமா?

காசு கொடுத்து வாங்கியது அது.
சிங்கப்பூரில் என் கொழுந்தன் அட்டை தேய்த்து வாங்கியது.
இருபத்தைந்து எழுத்து, ஐந்தைந்தாக ஐந்து கூட்டம்.
மகன் பிறந்த நேரத்தைக்கூட
இவ்வளவு சரியாக எனக்குச் சொல்ல வராது.
நான்காம் கூட்டத்தில் நடுவில் இருப்பது
ஓவா சைபரா என்பதில் மட்டும்
எனக்கும் அதற்கும் இன்னும் வழக்கு.

அங்கமுத்துவின் பதினாறாம் நாள் நோட்டீஸ்
உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது.
முந்நூறு தாள், காலை ஏழு மணிக்குள்.
படத்தில் அவர் சிரிப்பது
சாம்பல் நிறச் சன்னலுக்குப் பின்னால்
பாதிதான் தெரிகிறது.

டீக்கடைத் தெட் பாய் சாயங்காலமே சொன்னான்:
"அக்கா, ஐயாயிரம் கொடு, ரெண்டே நிமிஷம்."
ஊர் முழுக்க அவன் திறந்துவிட்டதில்தான் ஓடுகிறது,
கிளினிக், லாட்டரிக் கடை, கல்யாண ஸ்டூடியோ.
சாவி வாங்கியவளுக்கு மட்டும்தான் பூட்டு.
நான் மாட்டேன் என்றேன்.
பில் இருக்கிறது என்றேன்.

இரவு ஒன்றே காலுக்கு
"மீ லா ப்யி!" என்று தெரு கத்தியது.
பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

நீங்கள் ரோபோ இல்லையென்று நிரூபிக்கவும்.
சிக்னல் விளக்குள்ள படங்களைத் தொடவும்.

எங்கள் முச்சந்தியிலும் ஒரு சிக்னல் உண்டு.
மூன்று வருடமாகச் சிவப்புக் கண்ணில் குருவிக்கூடு.
எரியாதது விளக்கில்லையோ என்று
ஒரு படத்தை விட்டுவிட்டேன். தவறு. மறுபடி.
பஸ். மறுபடி. படிக்கட்டு.

பிறகு நாடு கேட்டது.
உருட்டினேன்.
மொராக்கோ, மொசாம்பிக்,
நமீபியா.
மேலே ஏற்றி மறுபடி இறக்கினேன்.
பழைய பேரில் இருக்கலாமென்று
பி-க்குப் போய்ப் பார்த்தேன்.
புர்க்கினா ஃபாசோ, புருண்டி.
இரண்டு இடத்திலும் பக்கத்துப் பக்கத்து நாடுகள்
இடுப்போடு இடுப்பு ஒட்டி நிற்கின்றன,
நடுவில் ஒருத்தி நின்றிருந்த தடமே இல்லாமல்.

சிங்கப்பூர் என்று தொட்டேன்.
இருப்பிடம் பொருந்தவில்லை.
பதிவுசெய்த பெயருக்கு அரசு அட்டை அனுப்பவும்.

பில்லில் நான் தையல்நாயகி.
அட்டையில் டோ கின் மா ஏ.
பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா போட்ட பெயர் அது.
குடியேற்ற அலுவலகத்து மரபெஞ்சில்
தாத்தா காலத்துத் தாள்களை மடியில் வைத்து
நான் இந்த ஊர்க்காரிதான் என்று
ஏழு தடவை சொன்னது அந்தக் கின் மா ஏ.
அங்கே ஒரு மனிதராவது இருந்தார்.
வெற்றிலைக் கறையோடு கொட்டாவி விட்டார்.
அவரைத் திட்டலாம், டீ வாங்கித் தரலாம்,
அவர் பெண்ணுக்கு வரன் விசாரிக்கலாம்.
இங்கே ஒரு வட்டம் சுற்றுகிறது.

சுற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.

ஐந்து மணிக்கு டீக்கடை ஜெனரேட்டரில் ஒயர் இழுத்து
தெட் பாய் உட்கார்ந்தான். நான் சுவரைப் பார்த்தேன்.
ஒன்றரை நிமிஷம்.
மெனு முழுக்கச் சீனம்.
படம் பார்த்துப் படம் பார்த்து அமுக்கி
"அங்கமுத்து என்கிற ஊ டின் மௌங்" என்று
இரண்டு பெயரையும் ஒரே வரியில்
ஒரே எழுத்தளவில் போட்டேன்.
ஆறு ஐம்பதுக்கு முந்நூறும் முடிந்தது.

பில்லை லேமினேட் செய்து
அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்,
யாராவது கேட்டால் காட்ட.
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.